மதாளிச்சு நிண்ட மிளகாயும் மாட்டுப்பட்ட சொல்லும்

ஒரு லீஃப்லெட் மொழிபெயர்க்கப் போய் ஒரே ஒரு சொல்லில மூண்டு நாள் மாட்டுப்பட்டுக் கிடந்தனான், அதை எழுதோணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டு இருந்தது, இண்டைக்குத்தான் நேரம் வந்தது.

நாலு பக்கம்தான். சின்னப் பிள்ளையளின்ர சாப்பாடு, நிறை, கிளினிக் இதுகளைப் பற்றினது, காசும் பெரிசா இல்லை. ஆனா அதில "த்ரைவ்" (thrive, நல்லாச் செழிச்சு வளருறது) எண்ட இங்கிலிஷ் சொல்லு பதினொரு இடத்தில வந்தது, தலைப்பிலயே இருந்தது. பிள்ளை சும்மா உயிரோட இருந்தாக் காணாது, த்ரைவ் பண்ணோணும், அதுதான் அந்த லீஃப்லெட்டின்ர முழுக்கதையும். அந்த ஒரு சொல்லைச் சரியாப் போடேல்லை எண்டால் நாலு பக்கமும் வீண்.

முதல்ல நான் செய்தது எல்லாரும் செய்யிறதுதான், அகராதியைத் திறந்து அதில வடிவா இருந்ததை எடுத்துப் போட்டன். "செழித்தோங்கும் குழந்தைகள்". அனுப்பின ஆக்களுக்கும் நல்ல சந்தோசம், நல்ல தமிழ் எண்டு சொல்லிச்சினம். நல்ல தமிழ் எண்டு ஒபிஸில ஆரும் சொன்னா கொஞ்சம் பயப்பிடோணும், இது என்ர அனுபவம்.

அச்சடிக்க முதல் ஊரில தாய்மாருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டோணும் எண்டு ஒரு நல்ல வழக்கம் வைச்சிருந்தவை. சனசமூக நிலையத்து விறாந்தையில ஒரு பதினைஞ்சு பேர் இருந்திருப்பினம், மடியில பிள்ளையளோட, ரெண்டு மூண்டு ஆச்சிமாரும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தவை. நான் தலைப்பை வாசிச்சன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டாம் பக்கத்தில "உங்கள் குழந்தை செழித்தோங்க" எண்டு வரேக்க முன்னுக்கு இருந்த பிள்ளை ஒண்டு, இருபத்தஞ்சு வயசு வராது, "அண்ணை, இது கமநல சேவையில குடுக்கிற பேப்பரோ?" எண்டு கேட்டுது. எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சன், ஆனா உள்ளுக்க சுருக்கெண்டு இருந்தது. கமநல சேவை எண்டா கமக்காரருக்கான அரசாங்கக் கந்தோர், அவ கேட்டதில பிழை இல்லை. எங்கட ஊரில செழிக்கிறது வயல், தோட்டம், மண். பிள்ளையை ஆர் செழிக்குது எண்டு சொன்னவை?

சரி, புத்தகத்தமிழ் வேண்டாம், எங்கட சொல்லையே போடுவம் எண்டு அந்த இடத்திலயே மாத்தி வாசிச்சன், "பிள்ளை நல்லா மதாளிச்சு வளர" எண்டு. சிரிப்பு நிண்டிட்டுது. மூலையில இருந்த ஆச்சி ஒராள் பேரனை மார்போட இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி, உமக்குப் பிள்ளையள் இல்லையோ? பிள்ளையளைப் பாத்து உப்பிடிச் சொல்லுறதோ, நாவூறு பட்டிடும்" எண்டா. சொன்னதோட விடேல்லை, வீட்டுக்குப் போய் அண்டைக்குப் பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் சந்தி மண்ணும் எடுத்துச் சுத்தி நெருப்பில போட்டவவாம், பிறகு கேள்விப்பட்டன். என்ர ஒரு சொல்லுக்கு அவவின்ர வீட்டில செத்தல் மிளகாய் செலவு.

வெளியூர் ஆக்களுக்கு மதாளிப்பு எண்டா விளங்காமல் இருக்கலாம். தண்ணியும் பசளையும் காணக்காணக் குடிச்சு, இலை கரும்பச்சையாகி, தண்டு மொத்தமாகி, கண்டு முழுக்கத் தளதளவெண்டு நிக்கிற நிலைக்கு எங்கட பக்கத்துச் சொல்லு அது. "வாழை மதாளிச்சு நிக்குது", "கீரை என்ன மாதிரி மதாளிச்சிருக்குப் பார்". அகராதிச் செழிப்புக்குக் கிட்டத்தான் நிக்குது, ஆனா அதே சாமான் இல்லை, அது எனக்குத் தெரிஞ்சிருக்கோணும், ஏனெண்டால் அந்தச் சொல்லை வைச்சே ஒருக்கா நான் வடிவா வாங்கிக்கட்டினனான்.

2021 மே மாசம் இலங்கை அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நவம்பர்ல திருப்பி எடுத்தவை, ஆனா அதுக்குப் பிறகும் யூரியாவைக் கண்ணால காணுறதும் கஷ்டம், கண்டாலும் விலை கேக்கேலாது. அந்தப் பஞ்சத்தைப் பாத்த ஆளுக்கு பிறகு ஒரு பேராசை வரும். எனக்கு வந்தது 2023ல. அப்பாவின்ர காணியில ரெண்டு பரப்பு சும்மா கிடந்தது, யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண், தை பிறக்க மிளகாய் நட்டன். யூரியா கிடைக்கத் தொடங்கியிருந்தது. யூரியாவில நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், அதால கொஞ்சம் போட்டாலே முகம் காட்டும், நான் விவசாயப் போதனாசிரியர் சொன்ன அளவைக் கேட்டுப்போட்டு அதைப்போல ரெண்டு மடங்கு போட்டன், மேற்கட்டுப் பசளை எண்டு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, தண்ணியும் நாள் விட்டு நாள் இறைச்சன். ஒரு மாசத்தில தோட்டம் கண்ணைப் பறிச்சுது. ரோட்டால போற ஆக்கள் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்தவை. நான் போட்டோ எடுத்து வெளிநாட்டில இருக்கிற எல்லாருக்கும் வட்ஸ்அப்பில அனுப்பினன், கனடாவில இருந்து தம்பி "அண்ணை கலக்குறாய்" எண்டு வொய்ஸ் போட்டான்.

ஒரு நாள் விடிய வெள்ளண பெரியப்பா வந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயசு, வாலிப காலத்தில புகையிலைத் தோட்டக்காரர், கதை குறைவு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வரம்பில குந்தினார். ஒரு கண்டின்ர பக்கக்கெப்பை ரெண்டு விரலால பிடிச்சு வளைச்சார், அது பயித்தங்காய் முறியிற மாதிரி டக்கெண்டு முறிஞ்சுது. முறிஞ்ச இடத்தில தண்ணி கசிஞ்சுது. இலையைத் திருப்பிப் பாத்தார், அடியில பேன் மாதிரி சின்னப் பூச்சி அப்பிக்கொண்டு இருந்தது, நான் அதுவரைக்கும் ஒரு இலையையும் திருப்பிப் பாக்கேல்லை. பிறகு கெப்புக் கவரில விரலை விட்டுப் பூவைத் தேடினார். ஒரு கண்டில ரெண்டு பூ, அடுத்ததில ஒண்டும் இல்லை.

"மதாளிச்சுப் போச்சடா மோனை. இனி இலையை ஆய்ஞ்சு வறைதான் வறுக்கோணும்."

அவ்வளவுதான் சொன்னவர். எனக்கு முகம் செத்துப்போச்சு. ரெண்டு நாள் முதல்தான் அதே மனுசன் என்ர வீட்டுப் பின்பக்கத்து வாழையைப் பாத்து "நல்லா மதாளிச்சு நிக்குது" எண்டு சந்தோசமாச் சொன்னவர், இண்டைக்கு அதே சொல்லு திட்டு. நான் கேட்டன், என்ன பெரியப்பா அதுக்கு நல்லம் இதுக்குக் கூடாதோ எண்டு. அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார், இதைக்கூடச் சொல்லித்தரோணுமோ எண்ட பார்வை. "புகையிலைக்குப் பூ வந்தா முறிச்சு எறியிறம், ஏன்? இலைதான் காசு. மிளகாய்க்கு இலையை ஆருக்கு விக்கப்போறாய்?"

அந்தக் கேள்வி என்ர மண்டைக்குள்ள அப்பிடியே கிடந்தது. கீரைக்கு, புகையிலைக்கு, மாட்டுக்குப் போடுற புல்லுக்கு மதாளிப்புத்தான் பலன். மிளகாய்க்கு, தக்காளிக்கு, கத்தரிக்கு அது வருத்தத்துக்குக் கிட்ட. நைதரசன் கூடினா கண்டு இலையும் தண்டும் போடுறதிலயே நிண்டிடும், பூக்கிறது பிந்தும், தண்டு நீர்ப்பிடிப்பா இருக்கிறதால சாறு குடிக்கிற பூச்சிக்கு விருந்து. பெரியப்பா சொல்லி யூரியாவை நிப்பாட்டினன், இறைப்பை நாலு நாளைக்கு ஒருக்காவாக் குறைச்சன், கண்டு மத்தியானத்தில கொஞ்சம் தலை தொங்கிச்சு, பொறுத்துக்கொண்டு இருந்தன். மூண்டு கிழமையால பூ வந்தது. ஆனா ஊரில மற்றாக்கள் மூண்டு நாலு ஆயம் ஆய்ஞ்சு முடிக்க எனக்கு முதல் ஆயம். நட்டத்தைச் சொன்னா மனிசி இதை வாசிப்பா, அதால விடுறன்.

நான் போட்ட மிச்ச யூரியா எங்க போனது எண்டதையும் சொல்லோணும், ஏனெண்டா அது திரும்பப் பிள்ளையளிட்டத்தான் வருது. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், அதுக்கு மேல மெல்லிய செம்மண், கண்டு குடிக்காத நைதரசன் நைத்திரேற்றாகி மழையோடயும் இறைப்போடயும் இறங்கி நேர கிணத்துக்குப் போகும். குடிதண்ணியில நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு, யாழ்ப்பாணத்தில தோட்டப் பக்கத்துக் கிணறுகள் கனக்க அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கு எண்டு சோதிச்ச ஆக்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கினம். ஆறு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்கு அந்தத் தண்ணியில மாப்பால் கரைச்சுக் குடுத்தா ரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டுது, பிள்ளை நீலம் பாரிக்கும், கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது. என்ர மிளகாய் மதாளிச்ச அதே சாமான். அந்த விறாந்தையில இருந்து கொண்டு பிள்ளை மதாளிச்சு வளர எண்டு நான் வாசிச்சதை இப்ப நினைச்சா, ஆச்சி பேசினது போதாது.

சரி, திரும்ப லீஃப்லெட்டுக்கு வாறன். அண்டைக்கு வீட்ட வந்து இருந்து யோசிச்சன், எங்கட ஆக்கள் இந்த த்ரைவை உண்மையா எப்பிடிச் சொல்லுகினம் எண்டு. ஒரு கொப்பியில எழுதத் தொடங்கினன், பஸ்ஸில, கடையில, கோயிலடியில கேட்டதெல்லாம். ஒரு சொல்லும் எல்லாத்துக்கும் ஓடாது. கலியாண வீட்டில பெரியாக்கள் வாழ்த்தேக்க ஆல் போல் தழைச்சு அருகு போல் வேரோடி எண்டுதான் வரும், குடும்பம் தழைக்கும், ஆனா கடை தழைக்காது. புதுசாத் திறந்த கடை நல்லா ஓடினா "கடை பிடிச்சிட்டுது". நட்ட நாத்துக்கு "கால் பிடிச்சிட்டுது". ஒண்டுமில்லாமல் இருந்து நல்லா வந்த மனுசனுக்கு "முன்னுக்கு வந்திட்டான்". அதே ஆளைப் பிடிக்காட்டி "காசு கொழிக்குது, அதுதான் கண் தெரியேல்லை". இந்தக் கொழிக்கிறது வடிவான சொல்லு, சுளகில அரிசியைக் கொழிச்சுக் கல்லைப் பிரிக்கிறதும் கொழிக்கிறதுதான், கடல் அலை மணலை ஒதுக்கிறதும் கொழிக்கிறதுதான், பிறகு எப்பிடியோ காசுக்கு வந்து பொறாமையும் சேந்திட்டுது. சூடடிக்கிற களத்தில நெல்லை நெல்லு எண்டு சொல்லாமல் "பொலி" எண்டு சொல்லுற ஆக்கள் வன்னியில இருந்தவை, குவியல் பொலியோணும் எண்டு அந்தச் சொல்லு, இப்ப மெசின் வந்து களமும் இல்லை சொல்லும் குறைஞ்சு போச்சு.

மதாளிப்பை மனுசருக்குச் சொன்னா கதை வேற. "மதாளிச்சுத் திரியிறான்" எண்டா சாப்பிட்டுக் கொழுத்து ஆரையும் மதிக்காமல் திரியிறான் எண்டு அர்த்தம். மதம், மதர்ப்பு, மதாளிப்பு, மூண்டிலயும் அந்த "மத" இருக்கெல்லோ. கொழுப்பு எண்ட சொல்லுக்கு நடந்ததும் இதுதான், உடம்பில இருந்தா சத்து, வாயில இருந்தா திமிர். உடம்பு பெருக்கிறதையும் ஆள் பெருக்கிறதையும் எங்கட ஆக்கள் ஒரே சந்தேகத்தோடதான் பாக்கினம். அதால ஆச்சிக்கு ரெண்டு பக்கத்தாலயும் கோவம், ஒண்டு நாவூறு, மற்றது பேரனைத் தடியன் எண்ட மாதிரிச் சொன்னது.

இங்கிலிஷ் சொல்லையும் விடேல்லை, அதையும் கிளறிப் பாத்தன். த்ரைவ் பழைய நோர்ஸ் மொழியில இருந்து வந்தது, தனக்கெண்டு பற்றிப் பிடிக்கிறது எண்ட கருத்து. அதே வேரில இருந்துதான் த்ரிஃப்ட், சிக்கனம். எங்கட ஊரில சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் எண்டு போர்ட் பாத்திருப்பியள், அந்தச் சிக்கனத்துக்கு இங்கிலிஷில த்ரிஃப்ட்தான். சிக்கனமும் முன்னேற்றமும் ஒரே வேர் எண்டு சொன்னா யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் ஆச்சரியப்பட மாட்டினம், உதைக் கண்டுபிடிக்க நோர்வேக்குப் போனியோ எண்டுதான் கேப்பினம். அதோட சேத்துச் சொல்லுற மற்றச் சொல்லு ஃப்ளரிஷ், அது லத்தீனில பூ எண்ட சொல்லில இருந்து வந்தது, பூக்கிறது. இதை வாசிக்கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவையின்ர சொல்லுக்குள்ள பூ இருக்கு, என்ர மிளகாயில பூ இல்லை. பெரியப்பா கெப்புக் கவருக்குள்ள விரலை விட்டுத் தேடினது இதைத்தான்.

டாக்குத்தர்மார் பாவிக்கிற ஒரு சொற்றொடரும் லீஃப்லெட்டில வந்தது, "ஃபெய்லியர் டு த்ரைவ்". பிள்ளை வயசுக்கேத்த மாதிரி நிறை ஏறாமல் நிக்கிறது, அல்லது ஏறின கோட்டில இருந்து கீழ விழுறது. இதை நான் முதல்ல "செழிக்கத் தவறல்" எண்டு போட்டிருந்தன், கடவுளே. ஒரு தாய் இதை வாசிச்சா பிழை தன்ர எண்டுதான் நினைப்பா, தவறினது ஆர், பிள்ளையோ தானோ எண்டு. அதுக்கு நான் செய்தது ஒண்டுதான், ஒரு புதன்கிழமை கிளினிக்கில போய் வெளி வாங்கில இருந்து தாய்மார் கதைக்கிறதைக் கேட்டன். மருத்துவிச்சி அம்மா பிள்ளையைத் தராசில போட்டு, பதிவேட்டில கலர் கலராக் கிடக்கிற வரைபில ஒரு புள்ளி வைப்பா. வெளிய வந்த உடன தாய்மார் ஒராளை ஒராள் கேக்கிறது, "ஏறினதோ?" அவ்வளவுதான். "எங்கடது ஏறேல்லை, போன மாசத்து நிறையிலயே நிக்குது." "காய்ச்சல் வந்ததெல்லோ, பிறகு ஏறும்." ஒரு பிள்ளையைப் பாத்து ஒராள் சொன்னா, "இவன் இப்ப உசாராகிட்டான்." அந்த உசார் எண்ட சொல்லில எனக்குத் தேவையானது எல்லாம் இருந்தது, கண்ணில வெளிச்சம், ஓட்டம், சாப்பாட்டில மனம். நாவூறும் படாது, கமநல சேவை வாசமும் அடிக்காது.

கடைசியா நான் போட்டது இதுதான்: தலைப்பில "பிள்ளை உசாராய் வளர", டாக்குத்தர்மாரின்ர சொல்லு வந்த இடத்தில "வயசுக்கேற்ற நிறை ஏறாமல் நிற்றல்". பதினொரு த்ரைவுக்கு அஞ்சு வேற தமிழ், ரெண்டு இடத்தில அந்தச் சொல்லே தேவைப்படேல்லை, வசனத்தைத் திருப்பி எழுதினன். ஒபிஸில இருந்து போன் வந்தது, ஏன் ஒரே சொல்லை ஒரே மாதிரிப் போடேல்லை, உசார் எண்டது பேச்சுவழக்கெல்லோ எண்டு. நான் ஆச்சியின்ர கதையைச் சொன்னன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு தலைப்பை விட்டிடுறம், உள்ளுக்க மட்டும் "நன்றாக வளர" எண்டு ரெண்டு இடத்தில மாத்துவம் எண்டினம். சரி எண்டிட்டன், அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை, வெறும் "நல்லா" எண்ட சொல்லுத்தான் எங்கட ஆக்கள் இதுக்கு அதிகம் பாவிக்கிறது. "அவையள் இப்ப நல்லா இருக்கினம்" எண்டா வீடு, காசு, சுகம், பிள்ளையளின்ர படிப்பு எல்லாம் அதுக்குள்ள வந்திடும். ஆனா அதை மற்றாக்களைப் பற்றித்தான் சொல்லுவினம். தன்னைப் பற்றிக் கேட்டா ஒருத்தரும் நல்லா இருக்கிறன் எண்டு வாய் திறந்து சொல்லமாட்டினம், "ஏதோ இருக்கிறம்", "பரவாயில்லை". லண்டனில மூண்டு வீடு வைச்சிருக்கிற எங்கட மச்சானும் போன் எடுத்தா ஏதோ இருக்கிறம் எண்டுதான் சொல்லுவான்.

மொழிபெயர்ப்பு வேலை செய்யிற தம்பி தங்கச்சியவை ஆராவது இதை வாசிச்சா, நான் இப்ப செய்யிறதைச் சொல்லுறன், உதவினா உதவட்டும். இப்பிடி ஒரு நல்ல சொல்லு வந்தா முதல்ல எது நல்லா வருது எண்டு பாக்கிறன், பயிரோ பிள்ளையோ கடையோ குடும்பமோ. பிறகு அதால என்ன பலன் எண்டு பாக்கிறன், இலையோ காயோ. பிறகு அந்தச் சொல்லை ஒரு தாய்க்கு முன்னால, அவவின்ர பிள்ளையைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வருமோ எண்டு ஒருக்கா சொல்லிப் பாக்கிறன், தனிய இருந்து சத்தமா. வாய் வராட்டி வெட்டு. அகராதியைத் திறக்கிறது இதெல்லாத்துக்கும் பிறகு.

இந்த வருசமும் அதே ரெண்டு பரப்பில மிளகாய்தான். பூவரசங்குழையும் மாட்டெருவும் தாட்டு, யூரியா சொன்ன அளவில பாதி, இறைப்பு நிதானமா. கண்டு போன முறை மாதிரி உயரேல்லை, இலை கொஞ்சம் மங்கல், போட்டோ எடுத்தா ஒருத்தரும் கலக்குறாய் எண்டு சொல்லமாட்டினம், நான் எடுக்கவும் இல்லை. போன வெள்ளி பெரியப்பா வந்தவர். இப்ப பொல்லு ஊண்டித்தான் நடக்கிறார், வரம்பில குந்தேலாது, நிண்டபடி பொல்லு நுனியால ஒரு கெப்பை நீக்கிப் பாத்தார். உள்ளுக்க கொத்தாப் பிஞ்சு தொங்கினது. அடுத்த கண்டையும் நீக்கிப் பாத்தார். நான் பக்கத்தில நிண்டன், என்ன சொல்லுவாரோ எண்டு.

"பரவாயில்லை" எண்டார். பிறகு கிணத்தடிக்குப் போய்க் கால் கழுவினார்.